பெரியப்பாவுக்கு வேண்டிய குளவி

சனிக்கிழமை

சித்தி: [படம்] பூந்தொட்டியின் விளிம்புக்கு அடியில் இது தொங்குகிறது. உருண்டையாக, மேலெல்லாம் முள் முள்ளாக. பக்கத்திலேயே ஒரு பழுப்புச் சிலந்தி, வயிற்றில் ஆரஞ்சு நிறக் குறி. மருந்து அடிக்கட்டுமா?

அக்கா: கையை வைத்துவிடாதீர்கள் சித்தி! அது பழுப்பு விதவைச் சிலந்தி. முள் உருண்டை அதன் முட்டைப்பை. உள்ளே நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும்.

சித்தப்பா: கடித்தால் ஆளையே கொண்டுபோய்விடுமா?

அக்கா: கருப்பு விதவை அளவுக்கு மோசமில்லை. பெரும்பாலும் கடித்த இடத்து வலியோடு போய்விடும். வலி பரவினாலோ, வியர்த்துக் கொட்டித் தசை இழுத்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

பெரியப்பா: ஒட்டுண்ணிக் குளவியை விட்டுச் சிலந்தியை ஒழிக்கலாமாம். ஹவாயில் செய்திருக்கிறார்கள். எங்கே கிடைக்கும்? ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம்.

அக்கா: ஹவாய் விஷயம் உண்மைதான் பெரியப்பா. கருப்பு விதவைக்காகக் கலிஃபோர்னியாவிலிருந்து பேயஸ் என்ற குளவியைக் கொண்டுபோனார்கள். பெண்ணுக்கு இறக்கையே கிடையாது, எறும்பைவிடப் பொடிசு. முட்டைப்பைக்குள் புகுந்து சிலந்தி முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும். ஆனால் விதவைச் சிலந்திகள் அங்கே இன்னமும் இருக்கின்றன. ஒழியவில்லை.

பெரியப்பா: கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்றார்களே, சரியாகப் போயிற்று.

அக்கா: எதுவும் குளவியாக மாறுவதில்லை, குளவிக்குச் சாப்பாடாகிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு வேட்டைக் குளவி, விஷமுள்ள செம்முதுகுச் சிலந்தியைக் கொட்டி முடக்கி இழுத்துப்போய், அதன்மேல் முட்டை இடும். புழு அந்தச் சிலந்தியை உயிரோடு தின்று வளரும். 1775-இலேயே பெயர் வைக்கப்பட்ட குளவி; அது செம்முதுகை வேட்டையாடுவது தெரிந்தது இந்த நூற்றாண்டில்தான்.

சித்தி: நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா: விலையைச் சொல்லம்மா.

அக்கா: இது கடைச் சரக்கு இல்லை பெரியப்பா. கண்ட பூச்சியைக் கொண்டுவந்து விட்டால் சாதுவான சிலந்திகளின் முட்டையையும் அழிக்கும். கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று 1935-இல் ஆஸ்திரேலியாவில் தேரையை விட்டார்கள். வண்டு தப்பித்தது, இன்றுவரை தேரையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

சித்தப்பா: அப்படியானால் மருந்துதான்.

அக்கா: மருந்து குளவியையும் கொன்றுவிடும். நாம் கூப்பிடாமலே அது வந்திருக்கலாம். இஸ்ரேலில் பழுப்பு விதவையின் முட்டைப்பைக்குள் வளரும் ஒரு குளவிக்கு ஃபிலோலெமா பழனிச்சாமியி என்று பெயர்.

பெரியப்பா: பழனிச்சாமியா! நம் ஆள்!

அக்கா: பெயரைக் கேட்டதும் உறவாகிவிட்டதா? சித்தி, சிலந்தியை நீளக் குச்சியால் கீழே தள்ளிச் செருப்பால் மிதித்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் பையைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடுங்கள். என்ன வருகிறது பார்ப்போம்.

சித்தி: சிலந்திக் குஞ்சு வந்தால்?

அக்கா: புட்டியோடு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். முடிந்தது.

சித்தப்பா: என் ஐஸ்கிரீம் பக்கத்திலா?

இரண்டு வாரம் கழித்து

சித்தி: [படம்] வந்துவிட்டது! சிலந்தி ஒன்றுகூட இல்லை. கறுப்பாக, எறும்புக்கு இறக்கை முளைத்தது போல. எண்ணினேன், பத்தொன்பது.

அக்கா: குளவியேதான்! எந்த இனம் என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. கவலைப்படாதீர்கள், இவை மனிதரைக் கொட்ட வருபவை அல்ல. தொட்டிகளுக்குப் பக்கத்தில் திறந்துவிடுங்கள்.

பெரியப்பா: திறக்காதே, திறக்காதே! எனக்கு நாலைந்து எடுத்து வை.

சித்தி: திறந்துவிட்டேன் அத்தான். ஒன்று மட்டும் என் கண்ணாடிமேல் உட்கார்ந்திருக்கிறது.