மைனஸ் வந்தால் அடித்துவிட வேண்டுமா? லாக் கணக்கு அனுபவங்கள்

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். மடக்கை (லாக்) பாடம் வந்தாலே ஒரு பழக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

எல்லாரும் முதலில் போடும் கணக்கு இது. அடிமானம் 2, அதாவது 2-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் ஓர் எண் வருமோ, அந்த அடுக்குதான் அதன் லாக். லாக் எக்ஸ் + லாக் (எக்ஸ் − 2) = 3. இரண்டையும் சேர்த்துப் பெருக்கலாக்கினால் எக்ஸ்(எக்ஸ் − 2) = 8. தீர்த்தால் 4, −2. மைனஸ் எண்ணுக்கு மடக்கை கிடையாது, அதனால் −2 போய்விடும். சரிதான். ஆனால் பிள்ளைகள் மனதில் பதிவது "மைனஸ் வந்தா அடிச்சிடணும்" என்பது மட்டும்தான்.

போன வருடம், நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணிடம் இதைக் கொடுத்தேன். அதே அடிமானம் 2. லாக் (3 − எக்ஸ்) + லாக் (1 − எக்ஸ்) = 3.

மளமளவென்று போட்டாள். எக்ஸ்² − 4எக்ஸ் − 5 = 0. விடை 5, −1. யோசிக்காமல் −1 மேல் ஒரு கோடு, 5-ஐச் சுற்றி ஒரு கட்டம்.

"அந்த 5-ஐ உள்ள போட்டுப் பாரும்மா" என்றேன். 3 − 5 என்று எழுதியதுமே பேனா நின்றது. −2. அடுத்த அடைப்புக்குள் −4.

"அப்போ விடையே இல்லையா மிஸ்?"

"நீ அடிச்சதையும் போட்டுப் பாரு."

−1-ஐப் போட்டால் உள்ளே 4, 2. அவற்றின் மடக்கை 2, 1. கூட்டினால் 3. அடித்த எண்ணைப் பக்கத்தில் திரும்ப எழுதிவிட்டுக் கேட்டாள்: "ஸ்டெப் எல்லாம் சரியாத்தானே இருக்கு மிஸ், அப்புறம் அந்த 5 எங்கிருந்து வந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒதுக்கலாம். −2-ஐயும் −4-ஐயும் பெருக்கினால் 8. சேர்த்து எழுதிய வரிக்கு அந்த 8 போதும்; அதற்குள் இரண்டு மைனஸ் ஒளிந்திருப்பது அதற்குத் தெரியாது. பிரித்து எழுதிய முதல் வரிக்கோ இரண்டு அடைப்பும் தனித்தனியே பூச்சியத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அதாவது எக்ஸ் 1-ஐவிடச் சிறியது. இப்போதெல்லாம் என் பிள்ளைகள் இந்த நிபந்தனையை எழுதிவிட்டுத்தான் கணக்கையே தொடங்குகிறார்கள். எக்ஸ் மைனஸா என்பது கேள்வியே இல்லை, லாக்கின் உள்ளே என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி.

•

மேடம், நான் பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். எங்கள் வகுப்பில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

அடிமானம் 10, லாக் (எக்ஸ்²) = 4. வகுப்பே 2 லாக் எக்ஸ் = 4 என்று மாற்றி, எக்ஸ் = 100 என்று முடித்துவிட்டது. ஒரு பையன் மட்டும் எக்ஸ்² = 10000 என்று எழுதி, 100, −100 இரண்டும் விடை என்றான். மற்றவர்கள் விடவில்லை. "மைனஸுக்கு ஏதுடா லாக்?"

உங்கள் கணக்கில் வேண்டாத விடை உள்ளே வந்தது. போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும். இங்கே இருக்க வேண்டிய விடை சத்தமில்லாமல் போய்விடுகிறது. மிச்சமிருக்கும் 100-ஐப் போட்டுப் பார்த்தால் சரியாகவே இருக்கும், சந்தேகமே வராது. 2-ஐ முன்னால் கொண்டுவரும் விதி எக்ஸ் பிளஸாக இருந்தால்தான் செல்லும் என்பதை இதைவிட அழுத்தமாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

பையனை மடக்க இன்னொருவன் கால்குலேட்டரை எடுத்து −100² என்று தட்டி லாக் கேட்டான். எரர் வந்தது. உடனே ஒரே ஆரவாரம். இவன் அதை வாங்கி, −100-ஐ அடைப்புக்குள் போட்டுத் திரும்பத் தட்டினான். 4 வந்தது.