புதுப்பிப்பு: மகளின் வலைப்பந்தாட்டம்

கோல் போட்டுக்கொண்டிருந்த மகளைப் பயிற்றுநர் தடுப்புக்கு மாற்றிவிட்டார், அவள் விளையாட்டையே விடப்போகிறேன் என்கிறாள், நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டிருந்தேன். பலர் விசாரித்ததால் இந்தப் பதிவு.

நான் போகவில்லை. "நீங்கள் வரவேண்டாம் அப்பா, நானே கேட்கிறேன்" என்றாள், கேட்டும்விட்டாள். கிடைத்த பதில் சுருக்கமானது: கை நீளம், பொறுமை குறைவு. தடுப்பில் நின்றால் பொறுமை தானாக வரும்.

நியாயமான பேச்சு. பந்தை வைத்திருப்பவரிடமிருந்து 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் தடுக்க வேண்டும். பந்தை எறிய அவருக்கும் 3 விநாடிதான் அவகாசம். முன்பெல்லாம் பாய்ந்து விழுந்து எதிரணிக்குத் தண்ட எறிகளை அள்ளிக் கொடுத்தவள், இப்போது குதிகாலை ஊன்றி, கைகளை உயர்த்தி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு நிற்கிறாள்.

அறைச் சுவரில் தர்ஜினி சிவலிங்கத்தின் படம் அப்படியே இருக்கிறது. எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2018இல் ஆசிய சம்பியன் பட்டம் வென்ற இலங்கை அணிக்குக் கோல் குவித்தவர். ஆகவே கோல் ஆசை இவளைவிட்டுப் போகாது; போகவும் வேண்டாம்.

"ரியூசனை விட்டுவிட்டு இதென்ன ஓட்டம்?" என்று கேட்ட அண்ணருக்கு: ரியூசனும் நடக்கிறது. மைதானத்திலிருந்து சைக்கிளில் நேரே போகிறாள், வியர்வையோடுதான். அதை மட்டும் அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.