கதிரின் இரவு மாத்திரை: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

செல்வி: இன்று கதிரின் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளை அணுக்கள் 6,800 என்று இருந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். ஆனால் மருத்துவர் மகிழவில்லை. "தம்பி மாத்திரையை ஒரு நாளும் விடாமல் போடுகிறாரா?" என்று இரண்டு முறை கேட்டார். போடுகிறான் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தால், இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டிய, இரத்தப் புற்றுநோய்க்காக அவன் தினமும் போடும் மெர்காப்டோபியூரின் அட்டையில் மாத்திரைகள் மிச்சம் இருக்கின்றன. லலிதா மதினி, மருத்துவமனை மருந்தகத்தில் இத்தனை வருடமாக வேலை பார்ப்பவர் நீங்கள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று சொல்லுங்கள்.

ரவி: செல்வி மதினி, கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, ஏறினால் நல்லதுதானே? முதல் ஆறு மாதமும் அது ஏறவில்லை என்றுதானே எல்லோரும் கவலைப்பட்டோம்?

லலிதா: அப்போது நிலைமை வேறு, ரவி. இப்போது கதிர் இருப்பது மெயின்டனன்ஸ் என்று சொல்லும் கட்டம். கண்ணுக்குத் தெரியும் புற்றணுக்கள் எல்லாம் அழிந்த பிறகும், எங்கோ ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு மீண்டும் பெருகிவிடாமல் இருப்பதற்காக, ஏறக்குறைய இரண்டு வருடம் தினமும் மெர்காப்டோபியூரினும் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் வெள்ளை அணுக்கள் சற்றுத் தாழ்ந்தே இருக்க வேண்டும். பல மருத்துவமனைகளில் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபில் அணுக்கள் 500க்கும் 1,500க்கும் இடையில் நிற்கும்படிதான் மாத்திரையின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வருவார்கள். கவுண்ட் ஏறி நிற்கிறது என்றால், ஒன்று அளவு போதவில்லை, அல்லது மாத்திரை உள்ளே போகவில்லை. மருத்துவர் இரண்டு முறை கேட்டதற்குக் காரணம் அதுதான்.

தாத்தா: பையன் ஓடியாடிப் பள்ளிக்கூடம் போகிறான், முடியும் நன்றாக வளர்ந்துவிட்டது. இரண்டு நாள் விட்டுப்போனால் அவ்வளவு பெரிய கேடா, லலிதா? இந்த மருந்து புதிதாக வந்ததா, பழையதா?

லலிதா: பழையதுதான் அப்பா, உங்களைவிடச் சற்றே இளையது. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 1953இல் அங்கே அனுமதி கிடைத்தது. 1988இல் அவர்கள் இருவரும் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார்கள். இன்றுவரை இதற்கு மாற்று வரவில்லை. இரண்டு நாள் கணக்குக்கு வருகிறேன். அங்கே ஸ்மிதா பாட்டியா என்ற மருத்துவரின் குழுவினர், மருந்துப் புட்டியின் மூடியில் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தி, எந்தெந்த நாளில் மூடி திறக்கப்பட்டது என்று மாதக்கணக்கில் பதிவு செய்தார்கள். நூற்றுக்கு 95 நாளுக்குக் குறைவாக மாத்திரை எடுத்த பிள்ளைகளுக்கு, ஒழுங்காக எடுத்தவர்களைக் காட்டிலும் நோய் திரும்பும் வாய்ப்பு 2.7 மடங்கு இருந்தது. முப்பது நாளில் இரண்டு நாள் விட்டாலே நாம் 95க்குக் கீழே போய்விடுகிறோம்.

முருகேசன்: அக்கா, தினமும் நான் கடையிலிருந்து போன் செய்து கேட்கிறேன். "போட்டுவிட்டேன்" என்றுதான் சொல்கிறான்.

லலிதா: அதே குழுவினர் அதையும் பார்த்தார்கள், தம்பி. குடும்பத்தார் சொன்ன கணக்கையும் மூடி சொன்ன கணக்கையும் பக்கத்தில் வைத்தபோது, பெரும்பாலானோர் ஒரு சில மாதங்களிலாவது உள்ளதைவிடக் கூட்டித்தான் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். "போட்டாயா" என்ற கேள்விக்கு வீட்டில் எல்லோரும் எதிர்பார்க்கும் பதில் ஒன்றுதான். பிள்ளை அதைச் சொல்லிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கும்.

ரவி: அப்படியானால் ஒரு சின்ன கேமரா வாங்கி அவன் மேசைக்கு எதிரே மாட்டிவிடலாம். அல்லது தினமும் இரவு நான் கோவையிலிருந்து வீடியோ அழைப்பில் வருகிறேன், என் கண் முன்னால் விழுங்கட்டும். பதினேழு வயதுப் பையனிடம் கெஞ்சிக்கொண்டிருக்க முடியாது.

கதிர்: சித்தப்பா, இந்தக் குழுவில் நானும் இருக்கிறேன்.

யாழினி: நல்லவேளை, நீயே வந்துவிட்டாய். யாரும் உன்னைத் திட்டப்போவதில்லை. எதனால் விட்டுப்போகிறது என்று மட்டும் சொல்.

கதிர்: அக்கா கேட்பதால் சொல்கிறேன். மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று முதலில் யாரோ சொன்னதை அம்மா இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறார். டியூஷன் முடிந்து வர எட்டரை, சாப்பிட ஒன்பது, அதன்பிறகு பதினொரு மணிவரை விழித்திருக்க வேண்டும். படித்தபடியே தூங்கிவிடுகிறேன். காலையில் விழிக்கும்போது நேற்றைய மாத்திரை மேசைமேல் இருக்கும். அப்பா, தாத்தா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்று ஆளாளுக்குக் கேட்பதால் "போட்டுவிட்டேன்" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. சில நாள் மறக்கவும் இல்லை. ஒரு நாளாவது நோயாளி இல்லாமல் இருக்கலாமே என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வகுப்பில் யாருக்கும் இது தெரியாது, தெரியவும் வேண்டாம்.

லலிதா: இதை எழுதியதற்காக உன்னை மெச்சுகிறேன், கதிர். முதலில் அந்த வெறும் வயிற்று விதி. உணவோடு எடுத்தவர்கள், பாலோடு எடுத்தவர்கள், காலையில் எடுத்தவர்கள், இரவில் எடுத்தவர்கள் எல்லோரையும் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வு வந்தது. தவறாமல் எடுத்தார்களா என்பதைக் கணக்கில் கொண்ட பிறகு, நோய் திரும்புவதில் இவற்றால் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வெவ்வேறு நேரத்தில் எடுத்தவர்கள்தான் அதிகம் தவறவிட்டார்கள். ஆகவே சாப்பிட்ட கையோடு போடலாமா என்று வியாழக்கிழமை உன் மருத்துவரிடம் நீயே கேள். அவர் சரி என்றால் உன் பதினொரு மணிப் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

செல்வி: இது தெரியாமல் நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவன் தட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

ரவி: என் கேமராவை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே.

லலிதா: கேமரா வேண்டாம். வீட்டில் ஒரே ஒருவர், ஒரே நேரத்தில், மாத்திரை வாய்க்குள் போவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மற்ற யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. பாட்டியாவின் குழு இதையும் செய்து பார்த்தது. தினமும் பிள்ளைக்கும் பெற்றவருக்கும் ஒரே நேரத்தில் கைப்பேசிச் செய்தி போகும். பெற்றவர் கண் முன்னால் பிள்ளை மாத்திரை எடுக்கும். எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு இல்லை. 12 வயதைத் தாண்டியவர்களிடம்தான் ஓரளவு பலன் தெரிந்தது. நம் கதிர் அந்த வயதில்தானே இருக்கிறான்? ஆளையும் நேரத்தையும் அவனே சொல்லட்டும்.

யாழினி: இளைஞர்களுக்கென்றே ஒரு வீடியோ விளையாட்டுகூட உண்டு, அத்தை. ரீ-மிஷன் என்று பெயர். 13 முதல் 29 வயதுவரையுள்ள 375 புற்றுநோயாளிகளிடம் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். அதை விளையாடியவர்கள் மாத்திரைகளை மற்றவர்களைவிட ஒழுங்காக எடுத்தார்களாம்.

கதிர்: 2008ஆம் ஆண்டு விளையாட்டை நீயே விளையாடு, அக்கா. அம்மா பார்த்தால் போதும். சாப்பிட்டு முடித்ததும், ஒன்பதேகாலுக்கு. கேள்வி வேண்டாம், தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றால் போதும். சித்தப்பா என்னிடம் கிரிக்கெட்டைப் பற்றி மட்டும் பேசட்டும்.

ரவி: ஒப்புக்கொள்கிறேன், தம்பி.

செல்வி: எனக்கே குழப்பமாக இருப்பது இன்னொன்று, மதினி. திங்கள் முதல் வெள்ளிவரை ஒன்று, சனி ஞாயிறு ஒன்றரை என்று எழுதித் தருகிறார்கள். போன மாதம் வேறு கணக்கு.

லலிதா: இங்கே கிடைப்பது 50 மில்லிகிராம் மாத்திரை. உடலின் அளவுக்கு ஏற்ப வரும் கணக்கு அதற்குள் சரியாக அடங்காது என்பதால் வாரம் முழுவதற்குமாகப் பிரித்துத் தருகிறார்கள். ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்று வாங்கி, ஞாயிறுதோறும் நீயும் கதிரும் சேர்ந்து நிரப்புங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் அதில் போடாமல் தனியாக வைத்து, அதற்குரிய கிழமையை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு நாள் மெர்காப்டோபியூரின் விட்டுப்போனால் மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. அப்பா, மூட்டுவலிக்கு நீங்கள் போடுவது அல்லோபியூரினால்தானே? அதைக் கதிரின் மருந்துகள் இருக்கும் அலமாரியில் வைக்காதீர்கள். அது கைமாறி அவன் வாயில் போனால், மெர்காப்டோபியூரின் உடலில் சிதையாமல் தங்கி நஞ்சாகிவிடும்.

தாத்தா: இப்போதே என் அறைக்கு எடுத்துப்போகிறேன்.

முருகேசன்: அக்கா, விட்டுப்போனதை மருத்துவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? இனிமேல் ஒழுங்காகப் போடப்போகிறான். பழையதைக் கிளறினால் அவர் கோபப்படுவார் என்று தயக்கமாக இருக்கிறது.

லலிதா: இவ்வளவு நேரம் பேசியதில் இதுதான் முக்கியம், தம்பி. நீங்கள் சொல்லாவிட்டால் அவர் என்ன நினைப்பார்? முழு அளவையும் எடுத்தும் கவுண்ட் இறங்கவில்லை, ஆகவே அளவைக் கூட்ட வேண்டும் என்று நினைப்பார். கூட்டியும் எழுதுவார். நாளையிலிருந்து நம் பிள்ளை உண்மையாகவே தினமும் எடுக்கும்போது அந்தக் கூட்டிய அளவு முழுவதும் உள்ளே போகும். வெள்ளை அணுக்கள் சரிந்து, சாதாரணக் கிருமியே அவனைப் படுக்கையில் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, நியூடிடி15 என்ற மரபணுவில் உள்ள ஒரு மாற்றத்தால் இந்த மருந்தைக் குறைந்த அளவிலேயே தாங்கக்கூடியவர்கள் நம் தெற்காசியாவில் கணிசமாக இருக்கிறார்கள். மருத்துவரின் கோபம் ஐந்து நிமிடம்தான். மிச்சமிருக்கும் அட்டையை அப்படியே கையில் எடுத்துப் போங்கள்.

கதிர்: விட்ட தேதிகள் எனக்கு ஏறக்குறைய நினைவிருக்கின்றன. தாளில் எழுதித் தருகிறேன், அத்தை. நானே சொல்கிறேன், அம்மா சொல்ல வேண்டாம்.

லலிதா: அதுவே சரி. மருத்துவர் என்ன அளவு எழுதினாலும், ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய பிறகு கவுண்ட் இறங்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் வீட்டில் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனையைக் கூப்பிட்டுவிட்டு உடனே கிளம்புங்கள்.

செல்வி: சரி மதினி. தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்து கிடக்கிறது. யாழினி அப்பா, கடையை அடைத்துவிட்டு வரும்போது அதையும் ஏழு அறைப் பெட்டியையும் வாங்கி வந்துவிடுங்கள்.