கிளாம்பைக் கழற்றியதும் வளையும் 7075 ரிப், உதவி வேண்டும்

வணக்கம். ஓசூரில் விமான பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் மேனுஃபேக்சரிங் இன்ஜினியராக இருக்கிறேன். விமான இறக்கைக்குள் போகும் ரிப் (குறுக்குச் சட்டம்) ஒன்று மூன்று வாரமாகத் தூங்கவிடவில்லை. மெஷினில் பிடித்திருக்கும்வரை அளவெல்லாம் சரி, கிளாம்பைக் கழற்றியதும் இரண்டு முனையும் படகு போல மேலே எழுகிறது. கிரானைட் மேஜையில் வைத்து ஒரு முனையை விரலால் அழுத்தினால் மறுமுனை தூக்குகிறது, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.45 மி.மீ. வரை நுழைகிறது. டிராயிங்கில் சமதளத்துக்கு அனுமதித்திருப்பது 0.15 தான்.

மெட்டீரியல் 7075-டி7351 (7075 என்பது அலுமினியக் கலவை, டி7351 அதன் டெம்பர், அதாவது பதப்படுத்திய நிலை), 50 மி.மீ. தட்டு. பாகத்தின் நீளம் 620, உயரம் 38, பாக்கெட் (குடைந்தெடுக்கும் குழி) எல்லாம் ஒரே பக்கம், அவற்றின் தரை 2 மி.மீ. தடிமன். மெஷின் மூன்று அச்சு வி.எம்.சி. (செங்குத்து மெஷினிங் சென்டர்), வெட்டும் டூல் 16 மி.மீ. கார்பைடு எண்ட்மில். பழைய லாட் (தொகுதி) தட்டில் முதல் பாகம் பாஸ் ஆனது, புது லாட்டில்தான் இந்தத் தொல்லை.

ரஃப்பிங்கில் (முதல் கரட்டு வெட்டில்) 3 மி.மீ. விட்டு, கழற்றி ஒரு இரவு வைத்து, அடிப்பக்கத்தை மறுபடி சமப்படுத்தி அப்புறம் ஃபினிஷ் செய்தேன், 0.7 இருந்தது 0.45 ஆனது, அவ்வளவுதான். புது டூல் போட்டேன், வைஸில் இறுக்குவதை விட்டு, காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் வேக்யூம் ஃபிக்சருக்கும் போனேன், பயனில்லை. பிரஸ்ஸில் நிமிர்த்த வாடிக்கையாளர் அனுமதி இல்லை, சூடேற்றினால் டெம்பர் கெட்டுவிடும்.

இப்போது தட்டின் மேலே 1 மி.மீ., அடியில் 11 மி.மீ. எடுக்கிறோம். பாகத்தை நடுவுக்கு இறக்கி மேலும் கீழும் 6, 6 என்று எடுத்தால் வளைவு குறையுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.