ஐம்பதுக்குள் வேலையை விட்ட தம்பதிகளே, உங்கள் வீட்டில் எப்படிப் போகிறது?

நான் கோவை. பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் கொள்முதல் பிரிவில் 22 வருடம் இருந்தேன். 2022 செப்டம்பரில், 47 வயதில், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவி ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். இருவரும் சேர்ந்து போட்ட திட்டம்தான், ஆனால் சேர்ந்து வெளியே வரவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆரம்பம் 2011இல், பால் கணக்கு எழுதும் ஒரு நாற்பது பக்க நோட்டு. எழுதத் தொடங்கியது அவள்தான். மூன்று மாதத்தில் ஒன்று தெரிந்தது: எங்கள் பட்ஜெட்டை உடைப்பது மளிகையோ பெட்ரோலோ இல்லை, மொய்யும் சீரும். ஆவணி பிறந்தால் ஒரே மாதத்தில் ஏழு பத்திரிகை வரும். குறைக்கலாம் என்றேன். "நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு யாருங்க வருவாங்க?" என்றாள். சரி என்று மாதம் 3,000 தனியாக எடுத்து வைத்தோம். அன்றோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

என் சம்பளத்தில் குடும்பம், அவள் சம்பளம் முழுக்கச் சேமிப்பு. பி.எஃப்., பி.பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்டு, அப்புறம் அப்பா வழியில் வந்த காலிமனையை விற்ற பணம். மனைப் பணத்தைச் சொல்லாமல் விட்டால் நான் ஏதோ சாமர்த்தியசாலி என்று நினைத்துவிடுவீர்கள்.

எவ்வளவு போதும் என்பதற்கு எல்லோரும் வருடச் செலவைப் போல் 25 மடங்கு என்கிறார்கள். அது 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் போட்ட கணக்கிலிருந்து வந்தது. முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசி ஏறும் அளவுக்கு மட்டும் கூட்டிக்கொண்டே போனால் 30 வருடம் தாங்கும் என்றார். அவர் பார்த்தது அந்த ஊர்ப் பங்குகள், அந்த ஊர்ப் பத்திரங்கள், அந்த ஊர் விலைவாசி. எங்களுக்கோ 47, 44 வயது. 30 வருடம் போதாது. எங்கள் செலவு வருடத்துக்கு 6 லட்சம், வீடு சொந்தம், கடன் இல்லை. 35 மடங்கு, அதாவது 2 கோடியே 10 லட்சம் என்று வைத்தோம். மகள் படிப்புக்கான பணம் இதில் சேராது. நகையும் சேராது. (சேர்க்கலாமா என்று ஒரு முறை கேட்டேன். பார்த்த பார்வையில் பேச்சை மாற்றிவிட்டேன்.)

2020 மார்ச் 23 நினைவிருக்கிறதா? ஜனவரியில் 12,000க்கு மேல் இருந்த நிஃப்டி, அதாவது பங்குச் சந்தைக் குறியீடு, அன்று 7,610. ஒரே நாளில் 13 சதவீதம் போயிற்று. எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்று நான் குதித்தேன். அவள் நோட்டை எடுத்து வரச் சொன்னாள். "மூணு வருசச் செலவுக்கு டெபாசிட்ல இருக்குதுங்க. அப்புறம் எதுக்கு இதை விக்கோணும்?" விற்கவில்லை. அடுத்த மாதம் ஊரடங்கில் பெட்ரோல் இல்லை, மொய் இல்லை, மொத்தச் செலவே 19,000. கம்பெனியில் கோடிக்கணக்கில் பேரம் பேசியவன் நான். அன்று நிதானமாக இருந்தது அவள்.

நான் விலகும் தேதியை முடிவு செய்தது இந்த 2 கோடி இல்லை, மருத்துவக் காப்பீடு. எனக்கு 2014 முதல் சர்க்கரை. ஆபீஸ் காப்பீடு வேலையோடு போய்விடும். அதனால் 2018 ஆகஸ்டிலேயே தனியாகக் குடும்ப பாலிசி எடுத்தேன். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு நான்கு வருடம் காத்திருப்பு, அதுவரை அந்தச் செலவைத் தர மாட்டார்கள். அது 2022 ஆகஸ்டில் முடிந்தது, அடுத்த மாதம் எழுதிக் கொடுத்தேன். இப்போது அந்தக் காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம்தான். ஆனாலும் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பி.எஃப். பென்ஷனை நம்பித் திட்டம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 22 வருடச் சர்வீசுக்கு, 58 வயதில் எனக்கு வரப்போவது மாதம் மூவாயிரத்துச் சொச்சம்.

இவ்வளவும் முடித்து, "நீயும் விட்டுடு" என்றேன். "நீங்களும் வீட்ல இருந்தா நான் எங்கீங்க போய் ரெஸ்ட் எடுக்கறது?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இன்னும் வேலைக்குப் போகிறாள். உங்கள் வீடுகளில் எப்படி?

மதுரையிலிருந்து:

அண்ணி கேட்டது சிரிக்கிற விஷயம் இல்லை, அண்ணா.

நாங்கள் இருவரும் 2023 ஜூனில் ஒரே மாதத்தில் நின்றோம். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், அவர் மருந்துக் கம்பெனியில் விற்பனை. முதல் வாரம் நன்றாக இருந்தது. இரண்டாவது வாரம் அஞ்சறைப் பெட்டியை ஒழுங்குபடுத்தினார். மூன்றாவது வாரம் டப்பாக்களில் பெயர் ஒட்டினார். கடுகு எது என்று எனக்குத் தெரியாதா?

வேலைக்குப் போனபோது காலை ஏழு மணிக்குள் இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிவிட்டால் மத்தியானச் சமையல் முடிந்தது. இப்போது 11 மணி டீ, ஒரு மணிக்குச் சுடச்சுடச் சாப்பாடு, நாலு மணிக்கு ஏதாவது கொறிக்க. வேலையை விட்டதில் எனக்குக் கண்ட மிச்சம், ஒரு வேளைச் சமையல் கூடியது. எத்தனை மடங்கு என்று கணக்குப் போட்டோமே தவிர, அடுப்படி யாருக்கு என்று இருவரும் பேசவே இல்லை. ஆறு மாதம் கழித்து வீட்டிலேயே டியூஷன் ஆரம்பித்தேன். நாலு முதல் ஏழு வரை. காசுக்காக இல்லை, அந்த மூன்று மணி நேரம் என்னை யாரும் கூப்பிடக் கூடாது என்பதற்காக.

இன்னொன்று, இது பண விஷயம். எனக்குத்தான் வருமானம் இல்லையே, வரி வராது என்று அவர் 20 லட்சத்தை என் பெயரில் டெபாசிட் போட்டார். ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். கணவன் மனைவிக்குச் சும்மா கொடுத்த பணத்தில் வரும் வட்டி, கொடுத்தவர் வருமானத்தோடுதான் சேருமாம். அந்த வட்டியை நான் மறுபடி போட்டு அதில் வருவது மட்டும்தான் என் கணக்கு. அதனால் இருவரும் சம்பாதிக்கும்போதே அவரவர் பணத்தை அவரவர் பெயரில் போட்டுக்கொண்டே வாருங்கள். பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டுகளில் வருடம் 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, அது இருவருக்கும் தனித்தனி. நாங்கள் 20 வருடம் எல்லாவற்றையும் அவர் பெயரிலேயே போட்டு வந்தோம். அசட்டுத்தனம்.

திருச்சியிலிருந்து:

பணம் பற்றிச் சொல்ல என்னிடம் புதிதாக ஒன்றுமில்லை, சார். ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். "என்ன பண்றீங்க?" என்றார் வீட்டுக்காரர். "ரெண்டு பேரும் ஓய்வு" என்றேன். என் தலைமுடியைப் பார்த்தார். இன்னும் கறுப்பு. "உடம்புக்கு ஏதாச்சும்…?" என்று இழுத்தார். வீடு கிடைக்கவில்லை. அடுத்த வீட்டில் "வீட்டிலிருந்தே வேலை" என்றோம், உடனே கிடைத்தது. சொந்தக்காரர்களிடம் "வி.ஆர்.எஸ். வாங்கிட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். அது விருப்ப ஓய்வுத் திட்டம், நான் வேலை பார்த்த கம்பெனியில் ஏது வி.ஆர்.எஸ்.? அந்த மூன்று எழுத்தைச் சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை.

சென்னையிலிருந்து:

நாங்கள் தோற்றவர்கள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

2021இல் இருவரும் விட்டோம், 2023இல் நான் திரும்பப் போனேன். எங்கள் கணக்கில் நாங்கள் இருவரும் இருந்தோம், பையன் இருந்தான், என் அம்மா இல்லை. என் ஆபீஸ் காப்பீட்டில் அம்மாவும் இருந்ததால் அதுவரை அந்தச் செலவே கண்ணில் படவில்லை. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை, பிறகு வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள். ஆஸ்பத்திரி பில்லையாவது ஒரு தடவையில் கட்டிவிட்டோம். ஆளுக்கு மாதாமாதம் கொடுப்பதுதான் சேமிப்பை அரித்தது. பழைய சம்பளத்தில் முக்கால்வாசிதான் இப்போது கிடைக்கிறது. என் மனைவி போகவில்லை, அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவளுடையதை ஓய்வு என்று எப்படிச் சொல்வது?

கோவையிலிருந்து மறுபடியும்:

அவர் மொபைலில் நான்தான் எழுதுகிறேன், நூலகர் அம்மா. எல்லாவற்றையும் படித்தேன். சென்னைத் தம்பி, தோற்றவர்கள் என்று எழுதாதீர்கள். அம்மாவுக்குப் பணம் தேவைப்பட்டது, போய்ச் சம்பாதிக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மதுரைத் தங்கச்சி சொன்னதை இவரிடம் காட்டினேன். இங்கே செவ்வாயும் வெள்ளியும் சமையல் இவருடையது. அதற்கே இரண்டு வருடம் ஆயிற்று. ரசம் பரவாயில்லை, சாம்பாரில் இன்னும் புளி தூக்கல். மகள் படிப்பு முடிந்ததும் நானும் எழுதிக் கொடுக்கப் போகிறேன், அதற்குள் வாரத்தில் மூன்று நாளாக்கச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்கிறார்.

நோட்டை இவரிடம் ஒப்படைத்ததுதான் நான் செய்த தப்பு. போன மாதம் "இதர செலவு 1,400" என்று ஒரு வரி. என்னவென்று துருவிக் கேட்டால், பேக்கரி டீயும் பப்ஸும். சர்க்கரைக்காரர். அந்த பாலிசிக்கு நாலு வருடம் காத்திருந்தோமே, அதே சர்க்கரைதான்.