டிங்கி வார்டுக்கு வந்த பார்லித் தண்ணி

மகளுக்கு ஏழு வயது. சீலியாக் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது, கோதுமை, பார்லி மாதிரித் தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய். அரிசி, உளுந்து, கேழ்வரகு, மரவள்ளி என்று வீட்டில் எல்லாம் பழகிவிட்டது. நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், தோட்டத்துக்காரர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். போன மழைக்காலத்தில் அவளுக்கு டிங்கி (டெங்குக் காய்ச்சல்) வந்து ஐந்து நாள் வார்டில் கிடந்தோம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, மிஸ்ஸிகள் (நர்சுகள்) எல்லாரும் தங்கமானவர்கள். பெரிய தப்பு நடந்தது எங்கள் பக்கம்.

சேர்க்கும்போது ஒவ்வாமை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். குளூட்டன் என்றேன், எழுதிக்கொண்டார்கள். மதியம் வந்த ட்ரேயில் கஞ்சி, அதன் மேலே கருப்பாக ஒரு சுற்று கிச்சாப்பு. பெரும்பாலான சோயா கிச்சாப்பில் கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். மூன்று மணிக்கு மைலோவும் பிஸ்கட்டும் வந்தது. பிஸ்கட்டைக் கண்டால் தெரியும், மைலோவில் பார்லி மால்ட் இருப்பது யாருக்கு ஞாபகம் வரும்? தட்டு கொண்டு வந்த அக்காவைக் கேட்டால், "ரொட்டி இல்லையே, வெறும் கஞ்சிதானே" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான், குளூட்டன் என்று நான் சொன்ன சொல் சமையல் கட்டு வரை போய்ச் சேரவே இல்லை.

டயட்டீஷியன் வந்தபோது குளூட்டன் பேச்சையே எடுக்கவில்லை. கண்டும் (மலாயில் கோதுமை), பார்லி, கிச்சாப், மைலோ, பிஸ்குட், தா போலே (கூடாது) என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், அவர் ஒவ்வொன்றாக எழுதினார். ராத்திரி சாப்பாடே மாறிவிட்டது: வெள்ளைச் சோறு, ஆவியில் வெந்த மீன், ஒரு ஆரஞ்சுப் பழம்.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. டிங்கியில் காய்ச்சல் விட்டால் சந்தோஷப்படக் கூடாது, அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சுருண்டு படுப்பது, இதில் எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொன்னார். அன்று மத்தியானம் துணி அலசப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் பழைய லயத்துப் பெரியம்மா இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார், கையில் ஒரு பிளாஸ்க். பிள்ளை அரை டம்ளர் குடித்துவிட்டது. நான் வரும்போது பெரியம்மா தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நானும் சுடுதண்ணிதான் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், அப்புறம் வாந்தி, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று முறை. டாக்டர் ஓடி வந்தார். இன்னொரு ஊசி, இன்னொரு ரத்தம், வயிற்றுக்கு ஸ்கேன். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறதா என்று பார்க்கிறார்கள், எனக்குக் கை கால் ஓடவில்லை. டம்ளரைக் கழுவலாம் என்று எடுத்தால் அடியில் நாலைந்து மணி, ஊதிப்போய் வெள்ளையாக, ஒவ்வொன்றின் நடுவிலும் பழுப்பாக ஒரு கோடு. பார்லி. கல்கண்டு போட்டுக் காய்ச்சிய பார்லித் தண்ணி, சூடு தணிய.

டாக்டரிடம் காட்டினேன். அப்பாடா என்று போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் போகவில்லை. "பார்லியாலும் இருக்கலாம், டிங்கியாலும் இருக்கலாம், எது என்று பார்த்தவுடன் பிரிக்க முடியாதும்மா, டிங்கி என்றே வைத்துக்கொண்டு பார்ப்போம்" என்றார். அன்று ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை நாடி, ரத்த அழுத்தம், மூத்திர அளவு. விடியற்காலை ரத்தம் கெட்டியாகவில்லை என்று எண் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பத்தியம் தவறினால் இரண்டு நாள் வயிறு கெடும், அவ்வளவுதானே என்று அதுவரை நினைத்திருந்தேன். டாக்டர் எந்த அறிகுறிக்குக் காத்திருக்கிறாரோ அதே அறிகுறியைத் தப்பான சாப்பாடும் கொண்டு வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. கோதுமை ஆகாது, ரொட்டி சனாய் ஆகாது என்று சொந்தத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், பார்லி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நம் ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அடுப்பில் ஏறுவது அதுதான் என்று தெரிந்தும்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

அக்கா, நான் பகாவ் பக்கம். எங்கள் கதை தலைகீழ், எனக்குத்தான் சீலியாக், மகனுக்கு இளைப்பு. ட்ரே நோயாளிக்கு மட்டும்தான், துணைக்கு இருப்பவள் கீழே போய்த் தின்றுவிட்டு வரவேண்டும். கேண்டீனில் மீ கோரேங் (வறுத்த கோதுமை நூடுல்ஸ்) வாணலியிலேயே எல்லாம் புரளும். இரண்டு நாள் வாழைப்பழமும் அவித்த முட்டையும். மூன்றாம் நாள் ஆசை விடவில்லை, எதிரே இருந்த கடையில் தோசை. அரிசியும் உளுந்தும்தானே, என்ன ஆகிவிடும்? பாதி தின்ற பிறகு பார்க்கிறேன், அதே கல்லில் ரொட்டி சனாயை அடித்துத் தட்டுகிறார், மாவு பறக்கிறது. அன்று ராத்திரி மகன் முகத்தில் மாஸ்க் வைத்துப் பிடிக்க வேண்டிய நான் கழிவறையில். அவன் அப்பா வேலையைப் போட்டுவிட்டு வந்தார். இப்போது யார் வார்டில் படுத்தாலும் என் பையில் மீகூன் (அரிசிச் சேமியா) இருக்கும், அரிசி மட்டும் என்று அட்டையில் போட்டது. மூடி போட்ட டப்பாவில் பிளாஸ்க் சுடுதண்ணி ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் வெந்துவிடும், உப்பும் மிளகும் போதும்.

*

ரசம்! யாரும் ரசத்தைச் சொல்லவில்லையே. மாமியார் வார்டுக்கு ரசம் சோறு கட்டிக்கொண்டு வந்தார், பொடியெல்லாம் வீட்டில் இடித்தது. பெருங்காயம் மட்டும் கடையில் வாங்கிய கூட்டுப் பெருங்காயம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் கோதுமை மாவு. நல்ல வேளை, பிள்ளைக்கு ஊட்டவில்லை. இங்கே 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள்படி கோதுமை, பார்லி மாதிரி குளூட்டன் தானியம் இருந்தால் பாக்கெட்டில் போட்டே ஆகவேண்டும், கோதுமை என்றால் மலாயில் கண்டும் என்று இருக்கும். நம் ஆட்கள் கண்டும் காணாமல் வாங்கி வந்துவிடுவார்கள்.

*

என் மகனுக்கும் அடிக்கடி வயிறு உப்புகிறது, எடையும் ஏறவில்லை. இதைப் படித்ததும் ரொட்டியை நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது.

*

தங்கச்சி, நிறுத்தாதே. முதலில் டாக்டரிடம் காட்டு. சீலியாக்குக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனை, பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் ஒன்றுமில்லை என்று வந்துவிடலாம், அப்புறம் மறுபடி கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். என் மகளுக்கு அப்படித்தான் ஆனது, ஆறு வாரம் ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் தினமும் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகாவ் அக்கா சொன்ன மீகூன் நல்ல யோசனை. பெருங்காயம் பொடியில் மட்டுமில்லை, கட்டியிலும் கோதுமை மாவு இருக்கலாம், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, மருந்தையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மாத்திரையில் சேர்க்கும் மாவு எதிலிருந்து என்று மருந்தகத்தில் கேட்டால் பார்த்துச் சொல்கிறார்கள், எங்களுக்குச் சோள மாவு என்றார்கள்.

பெரியம்மா என்ன ஆனார் என்றும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு விஷயம் தெரிந்ததும் வார்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார், சமாதானப்படுத்தவே முடியவில்லை. இப்போது வாரா வாரம் வருகிறார், ஜவ்வரிசிக் கஞ்சியோடு. போன ஞாயிற்றுக்கிழமை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ரம்புத்தான் பழம் விற்பவரிடம், "இதுல பார்லி கீர்லி இருக்கா தம்பி?" என்று கேட்டு அவரை முழிக்க வைத்துவிட்டார்.