ஆசியானில் அசெம்பிள் ஆகும் பம்பு: தோற்ற விதியில் தேறுமா?

கேள்வி
ஆசியான் நாடு ஒன்றில் சென்ட்ரிஃபியூகல் பம்பு அசெம்பிள் ஆகிறது (எச்எஸ் எனும் சரக்கு வகைக் குறியீடு 8413.70). எஃப்ஓபி, அதாவது கப்பலில் ஏற்றும் வரையிலான விலை, 100 டாலர். ஆசியானுக்கு வெளியிலிருந்து வருபவை, சிஐஎஃப் விலையில் (சரக்குக் கட்டணம், காப்பீடு சேர்த்து): கேசிங், இம்பெல்லர் (8413.91) 24, மோட்டார் (8501) 26, சீல், பேரிங் 8. இன்னொரு ஆசியான் நாட்டுக்கும் இந்தியாவுக்கும் அனுப்ப வேண்டும். சரக்கு எந்த நாட்டுத் தயாரிப்பு என்று முடிவு செய்யும் தோற்ற விதிப்படி, இரண்டிலும் வர்த்தக ஒப்பந்தச் சலுகை வரி கிடைக்குமா?

பதில் 1
முதலில் அந்தந்த ஒப்பந்தத்தில் 8413க்குத் தனி விதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பொது விதிதான்.

ஆசியானுக்குள் பொது விதி: 40% மதிப்பு (எஃப்ஓபியில் வெளிப் பொருள் போக மிஞ்சும் பங்கு) அல்லது நாலு இலக்கத் தலைப்பு மாற்றம் (வெளிப் பாகங்களின் எச்எஸ் கோடில் முதல் நாலு இலக்கம் பம்பினுடையதிலிருந்து வேறாக இருப்பது). தலைப்பு மாற்றத்தில் தேறாது, ஏனென்றால் பம்பும் அதன் பாகமும் ஒரே 8413. தலைப்பு மாறாத பொருளுக்கான 10% விலக்கும் உதவாது, உங்களுடையது 24. மதிப்பு வழியில் வெளிப் பொருள் 24 + 26 + 8 = 58; 100 - 58 = 42%, தேறும்.

இந்தியாவுக்கு 35% மதிப்பும் ஆறு இலக்க மாற்றமும் சேர்ந்தே வேண்டும். 8413.91லிருந்து 8413.70 ஆகிறதே, அது போதும்.

பதில் 2
கணக்கு சரி, ஆனால் 42% என்பது நூலிழை. வாங்குபவருக்கு 5 டாலர் தள்ளுபடி கொடுத்தால் 37/95, அதாவது 38.9%. ஆசியான் சலுகை போச்சு. எஃப்ஓபி 96.67க்குக் கீழே இறங்கக் கூடாது. இந்தியாவுக்கு அந்த எல்லை 89.23. உள்ளூர்க் கடையில் வாங்கிய போல்ட், கேபிளுக்குத் தோற்றம் காட்ட முடியாவிட்டால் அதுவும் வெளிப் பொருள் கணக்கில் ஏறும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மோட்டாரை மாற்றினால் நிம்மதி. இன்னொரு ஆசியான் நாட்டிலிருந்து படிவம் டி-யோடு (ஆசியானுக்குள் செல்லும் தோற்றச் சான்று) வந்தால் வெளிப் பொருள் 32 ஆகி, மதிப்பு 68%. இந்திய மோட்டார் போட்டால் இந்தியாவுக்குப் போகும் பம்பில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம். ஆசியானுக்குள் அது அயல்நாட்டுச் சரக்குதான்.

பதில் 3
இந்தியப் பக்கம் படிவம் ஏஐ (ஆசியான்-இந்தியா ஒப்பந்தத் தோற்றச் சான்று) மட்டும் போதாது. 2020 செப்டம்பர் 21 முதல் கேரோட்டார் விதிகள் (சலுகை வரி கேட்கும் இறக்குமதியாளர் சரக்கின் தோற்றத்தைக் காட்ட வேண்டிய இந்திய கஸ்டம்ஸ் விதிகள்) அமலில் உள்ளன. இறக்குமதியாளர் கையில் மதிப்புக் கணக்கு, உற்பத்தி முறை உள்ளிட்ட படிவம் 1 தகவல் இருக்க வேண்டும், 5 வருடம் வைத்திருக்க வேண்டும். கஸ்டம்ஸ் கேட்டால் 10 வேலை நாளில் கொடுக்க வேண்டும். விலை ரகசியம் என்று நீங்கள் மறைத்தால் மாட்டுவது அவர். குறைந்தபட்சம் பாகவாரி எச்எஸ் கோடும் வெளிப் பொருள் சதவீதமும் சரக்கு கிளம்பும் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

வேறு நாட்டுத் துறைமுகத்தில் கப்பல் மாறினால், கிளம்பிய இடத்திலிருந்தே எடுத்த த்ரூ பில் ஆஃப் லேடிங் (முழுப் பயணத்துக்கும் ஒரே கப்பல் ரசீது) கேளுங்கள்.